சத்தம் வருகிறது, படம் வரவில்லை

குவைத்
11.01.2004

அன்புத் தம்பி துஷாந்துக்கு அக்கா யசோதினி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ சுகமா, அம்மாவின் கால் புண் ஆறியதா என்று அறிய ஆசையாக இருக்கிறேன்.

இதோடு ஒரு சீடி வைத்திருக்கிறேன். பாட்டு சீடி என்று யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. அதில் இருப்பது நான்தான். இந்த வீட்டில் சமைக்கும் காமிலா அக்காவின் புருசன் முஹம்மது அண்ணன் பதுளைக்காரர், இங்கேயே டிரைவர். அவரிடம் கமராவும் கம்பியூட்டரும் இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை என்னைக் குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார வைத்து எட்டு நிமிஷம் படம் பிடித்தார்.

நான் வந்து பதினாலு மாதமாகிவிட்டது. வீட்டுக்கார மேடம் போன் பேச விடும்போது லுணுகலையில் ஜாபிர் நானாவின் கம்பியூட்டர் கடைக்கு எடுத்து உன்னோடு பேசுகிறேன், உனக்குக் கடிதமும் எழுதுகிறேன். காது கேட்காத, வாய் பேசாத, எழுத்தும் தெரியாத அம்மாவோடு மட்டும் பதினாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோடு பேச எனக்குக் கைதான் இருக்கிறது. கையைத் தபாலில் அனுப்ப முடியுமா? இப்போது அனுப்பியிருக்கிறேன்.

நீ அருகில் இருந்து விளக்கம் சொல்லாதே. உனக்குத் தெரிந்ததெல்லாம் சோறு, தண்ணி, மழை, அட்டைக் கடி. அம்மாவின் பாஷையை நான் தொட்டிலில் படித்தேன். நீ பந்து அடிக்கப் போய்விட்டாய். அவள் உனக்கு வைத்த பெயரே மூக்கைத் துடைக்கிற சைகைதானே!

அம்மாவை டிவிக்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் உட்கார வை. பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்று உடனே எழுது.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்
அக்கா


லுணுகலை
09.02.2004

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி துஷாந்த் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை, சீனி வருத்தம் இருந்தால் புண் லேசில் ஆறாதாம். உங்கள் சுகத்துக்கு விளக்கு வைக்கிறோம்.

சீடி உடையாமல் வந்து சேர்ந்தது. டிவியோடு இருக்கிற வீட்டு டெக்கில் போட்டேன், அது துப்பிவிட்டது. கம்பியூட்டரில்தான் ஓடும் என்று ஜாபிர் நானா சொன்னார். கடையில் போட்டுப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி ஓடியது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் என்பதை எழுத மாட்டேன், நானாவிடம் கேளுங்கள்.

ஆனால் அம்மாவைக் கடைக்கு எப்படிக் கொண்டுபோவது? பஸ் ரோட்டுக்கே இரண்டு மைல். காலை ஊன்ற முடியவில்லை. நானா யோசித்துவிட்டு ஒரு பழைய கம்பியூட்டரை இரவல் தந்தார். பார்க்கிற பெட்டி இல்லை, வெறும் மெஷின்தான். பின்னால் மஞ்சள் வயர் குத்தி நம்ம டிவியில் கொடுத்தால் படம் வரும் என்றார். தேயிலைக் கொழுந்துச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் டிவியில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடியது. திரும்பவும் தூக்கிக்கொண்டு லுணுகலைக்குப் போனேன். "அது வேற நாட்டு டிவிக்கு வச்சிருக்கு தம்பி, நம்மளுக்கு பால்ல போடணும்" என்றார் நானா. "ஆட்டுப் பாலா மாட்டுப் பாலா நானா?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. பால் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம், நம் டிவிக்கெல்லாம் அதுதானாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து லயத்தில் பாதிப் பேர் நம் காம்பரா அறைக்குள்தான். மெஷினைப் போட்டதும் டிவியில் நீல வானமும் பச்சை மேடும் வந்தன. அம்மா கைதட்டினாள். உங்கள் படத்தைத் தட்டினேன். நடுவில் ஒரு கருப்புச் சதுரம். உள்ளே ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் வருகிறது. தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், நாற்காலி இழுபடுகிறது. எங்களுக்கெல்லாம் கேட்கிறது. கேட்க முடியாதவளுக்கு அனுப்பிய படத்தில் சத்தம் மட்டும் வருகிறது.

அம்மா அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்து "எங்கே?" என்று கேட்டாள்.

கடையில் ஓடியது வீட்டில் ஏன் ஓடவில்லை? முஹம்மது அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். அதுவரை மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று நானா சொல்லிவிட்டார்.

தம்பி துஷாந்த்


குவைத்
27.02.2004

அன்புத் தம்பிக்கு, உன் கடிதம் கைக்கு வந்தது. நான் நலமாகவே இருக்கிறேன். அம்மாவுக்கு மருந்து கட்ட டிஸ்பென்சரிக்குப் போக முடியாவிட்டால் மருந்துக்கார ஐயாவை வீட்டுக்குக் கூப்பிடு, வருவார்.

சிரித்தது காமிலா அக்கா. நான் கமராவுக்கு முன்னால் திருதிருவென்று முழித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

முஹம்மது அண்ணன் உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கடையில் பார்க்கிற பெட்டியோடு ஓடிப் பழகிய மெஷின், அது இன்னும் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறதாம். இல்லாத பெட்டிக்குப் படத்தை அனுப்பிவிட்டு, இருக்கிற டிவிக்கு இருட்டைக் கொடுக்கிறதாம். நம் வீட்டில் அப்பாவும் இருந்தவரை இப்படித்தான், இல்லாதவர்களுக்கே எல்லாம் செய்வார்.

இனி நான் சொல்கிறபடி செய். டிவியில் அந்தப் பச்சை மேடு வந்ததும் வெறும் இடத்தில் மவுசின் வலது பக்கத்தை அழுத்து. வருகிற பட்டியலில் கடைசியில் ப்ராப்பட்டீஸ். அதற்குள் செட்டிங்ஸ். அதற்குள் அட்வான்ஸ்ட். அதற்குள் ட்ரபிள்ஷூட். அங்கே ஒரு கோடும் அதில் நகர்கிற ஒரு குமிழும் இருக்கும். குமிழை இடது பக்கம் முழுக்கத் தள்ளிவிடு. கொஞ்சம் மட்டும் தள்ளினால் போதுமா என்று அண்ணன் யோசித்தார். நான்தான் முழுக்கவே தள்ளச் சொல்கிறேன் என்றேன். இனி ஒரு மாதம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

எங்கே என்று அம்மா கேட்டதை எழுதியிருந்தாயே. அதை வாசித்த பிறகு அன்றைக்குப் பாத்திரம் கழுவ முடியவில்லை.

அக்கா யசோதினி


லுணுகலை
20.03.2004

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடியே எழுத்துக் கூட்டிச் செய்தேன். குமிழை இடது பக்கம் முழுக்கத் தள்ளினேன். 14ஆம் தேதி ஞாயிறு படம் வந்தது. நிறமெல்லாம் நன்றாக இருந்தது. உங்கள் பின்னால் இருந்த மஞ்சள் நிறக் குளிர்ப்பெட்டி வரை தெரிந்தது. கொஞ்சம் மெதுவாக, விட்டு விட்டு ஓடியது. கடைசியில் சிக்கிவிட்டது. கரண்ட் குறைவாக இருந்ததோ என்னவோ. மெஷின் பழசு, சூடாகிறது, பின்னால் இருக்கிற காற்றாடி சத்தம் போடுகிறது. நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா பார்த்தாள்.

பேக்டரியில் ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது. இந்த மாதம் மழை இல்லை, கொழுந்தும் இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

தம்பி துஷாந்த்


குவைத்
08.04.2004

அன்புத் தம்பிக்கு, சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்கக் கும்பிடுகிறேன். வருசப் பிறப்புக்கு அம்மாவுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடு.

கடிதமா எழுதினாய் நீ? மெஷின் சூடாகிறதாம், காற்றாடி சத்தம் போடுகிறதாம். காற்றாடியோடு பேசவா நான் எட்டு நிமிஷம் கை ஆட்டினேன்? அம்மா பார்த்தாள் என்று இரண்டே வார்த்தை. சிரித்தாளா, அழுதாளா? நான் மெலிந்திருக்கிறேன் என்றாளா? அவள் கை என்ன சொன்னது? விளங்காவிட்டால் அப்படியே பார்த்தபடி எழுது, நான் விளங்கிக்கொள்கிறேன்.

கடைசியில் சிக்கிவிட்டது என்றாய். நான் "போயிட்டு வாரேன்" சொல்கிற இடம் வரை ஓடியதா? அதைத்தான் அவள் பார்க்க வேண்டும். கை நெஞ்சிலிருந்து புறப்பட்டுப் போகும், போய்விட்டுத் திரும்ப நெஞ்சுக்கு வரும். பள்ளிக்கூடம் போகும்போது அவசரத்தில் பாதிக் கையோடு ஓடினால் துரத்தி வந்து அடிப்பாள், ஞாபகம் இருக்கிறதா? அடிக்காமல் என்ன செய்வாள். அப்பா செத்த அன்று லயம் முழுக்க அவள் அதைத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அப்பாவின் பெயர், பிறகு கை போகும், போனது அப்படியே நிற்கும்.

அதனால்தான் இந்தப் படத்தில் ரொம்ப நிதானமாக, கை முழுக்கத் திரும்பி வருகிற மாதிரிச் செய்தேன்.

எழுது தம்பி.

அக்கா


குவைத்
16.05.2004

தம்பிக்கு, இங்கு சுகம். உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. நேற்று மேடத்திடம் கெஞ்சி ஜாபிர் நானா கடைக்குப் போன் எடுத்தேன். "தம்பி எழுதுவான் தங்கச்சி, தம்பி எழுதுவான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கலகலவென்று பேசுகிற மனுசன்.

அம்மாவுக்கு என்ன?

அக்கா


லுணுகலை
01.06.2004

அன்புள்ள அக்காவுக்கு, அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன், பயப்படாதீர்கள். நானும் இருக்கிறேன்.

சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

அன்றைக்குப் படம் வந்ததும் அம்மா டிவியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னாள். கால் புண்ணைத் தூக்கி டிவிக்குக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கடைசியில் நீங்கள் உங்கள் பெயரைச் சொன்னீர்கள். கை நெஞ்சிலிருந்து புறப்பட்டுப் போனது. அங்கேயே படம் சிக்கிக்கொண்டது. கை நீட்டினபடி நிற்கிறது, திரும்பி வரவில்லை.

அம்மா எழுந்து நின்றாள். நான் பதறிப்போய் மெஷினைத் தட்டி முதலிலிருந்து போட்டேன். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. சரிசெய்கிறேன் என்று மூன்றாம் தரமும் போட்டேன். அக்கா, மூன்று தரமும் நீங்கள் அம்மாவைப் பார்த்து, செத்துப்போனேன் என்று சொன்னீர்கள். நான்தான் சொல்ல வைத்தேன்.

அம்மாவுக்கு வாயில் சத்தம் வராது என்றுதானே நினைத்திருந்தோம். அன்றைக்கு வந்தது.

நான் சொல்லாத விதமில்லை. உங்கள் பெயரைக் காட்டி, கையைப் போகவிட்டு, திரும்ப நெஞ்சில் வைத்துக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு என் கண்ணைத் துடைத்தாள். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். மெஷின் சிக்கிவிட்டது என்று சொல்ல அவள் பாஷையில் கை இல்லை. உங்கள் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டினேன். பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு அழுகிறேன் என்று என்னைக் கட்டிக்கொண்டாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று பாய் விரித்தாள்.

பதினாறாம் நாள் இலை போட்டு ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும் வைத்தாள், உங்களுக்குப் பிடிக்கும் என்று. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் படைக்காதே என்று என் வாயால் கத்தினேன். கத்தி என்ன செய்ய?

மருந்துக் குளிசை கொடுத்தால் துப்புகிறாள். புண் முழங்கால் வரை ஏறிவிட்டது. உங்களால் வர முடியுமா?

துஷாந்த்


குவைத்
19.06.2004

தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. குமிழை முழுக்கத் தள்ளச் சொன்னவள் நான். அப்படித் தள்ளினால் படம் வரும், ஆனால் பழைய மெஷின் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம், முஹம்மது அண்ணன் இப்போது சொல்கிறார். கொஞ்சம் தள்ளினால் போதுமா என்று யோசித்த மனுசனை நான்தான் பேசவிடவில்லை.

பாஸ்போர்ட் மேடத்திடம் இருக்கிறது. காலில் விழுந்து கேட்டேன். மகளுக்கு ஆவணியில் பிரசவம், அது முடியாமல் விட மாட்டேன் என்கிறாள். அம்மா, நான் செத்துவிட்டதாக நினைக்கிறாள் என்றேன். நீதான் சாகவில்லையே, பிறகென்ன என்கிறாள்.

இன்னொரு சீடி வைத்திருக்கிறேன். இது வீட்டு டெக்கிலேயே ஓடும், மெஷின் தேவையில்லை. இங்கே நாலு டெக்கில் போட்டுப் பார்த்துவிட்டோம், எங்கேயும் சிக்கவில்லை. தொடக்கத்திலேயே கை திரும்பி வருகிறது. படம் முழுக்கத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. நீ முன்பு கடிதத்தில் வைத்து அனுப்பிய உன் புது மீசைப் போட்டோவையும் கையில் பிடித்திருக்கிறேன். நான் இங்கே வரும்போது உனக்கு மீசை ஏது? அதைப் பார்த்தாவது இது இப்போது எடுத்தது என்று அம்மா விளங்கிக்கொள்வாள்.

அவளை எப்படியாவது சாப்பிட வை. உன்னைக் கும்பிடுகிறேன்.

அக்கா


லுணுகலை
18.07.2004

அன்புள்ள அக்காவுக்கு, நான் இருக்கிறேன். அம்மாவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கூட்டிவந்தேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீடி வந்தது, டெக்கில் போட்டேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அம்மா முழுக்கப் பார்த்தாள். திரும்பவும் போடச் சொன்னாள். இரண்டாம் தரம் முடிந்ததும் தவழ்ந்து வாசலுக்குப் போனாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். செவ்வந்தி இரண்டு பறித்துக்கொண்டு வந்து டிவிக்கு மேல் வைத்தாள். சூடம் கேட்டாள்.

மேல் லயத்து குணமணி அக்காவின் மகன் சதீசன் லொறியில் அடிபட்டுச் செத்தானே, அவன் கல்யாண வீடியோவை அந்த அக்கா எத்தனை தரம் போட்டாள்? நம் அம்மாவும்தான் போய் உட்கார்ந்து பார்த்தாள். செத்தவன் அதில் சிரித்துக்கொண்டு ஆடினான். டிவிக்குள் வருகிறவர்கள் செத்தவர்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் எப்படி இல்லையென்று சொல்வேன்?

மீசைப் போட்டோவையும் பார்த்தாள். அங்கே இருந்துகொண்டும் அக்கா உன்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குச் சொன்னாள். அந்தக் கை எனக்கு நன்றாகவே விளங்கியது.

இனிச் சீடி அனுப்ப வேண்டாம் அக்கா. அனுப்ப அனுப்ப நீங்கள் சாமியாகிக்கொண்டு வருகிறீர்கள்.

துஷாந்த்


குவைத்
06.08.2004

அன்புத் தம்பிக்கு, நல்ல சேதி எழுதுகிறேன். மேடத்தின் மகளுக்கு முன்னதாகவே பிரசவமாகிவிட்டது, ஆண் பிள்ளை. காமிலா அக்கா எனக்காக அழுது மன்றாடினாள். செப்டம்பர் 24ஆம் தேதிக்கு டிக்கட் எடுத்துவிட்டார்கள். 25ஆம் தேதி பொழுது சாய முன்னம் லயத்துக்கு வந்துவிடுவேன்.

மெஷினை நானாவிடம் கொடுத்துவிடு. டிவியைத் திருப்பி வை. நான் வருகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்ல முயற்சி செய்யாதே, அதையும் வேறாக எடுத்துக்கொள்வாள். நான் நேரே வந்து முன்னால் நிற்கிறேன். என் முகத்தைத் தடவிப் பார்க்கட்டும், கிள்ளிப் பார்க்கட்டும், இவ்வளவு நாள் அழவைத்ததற்கு நாலு அடி அடிக்கட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஏழு கிழமை. அதுவரை கஞ்சியாவது கொடு.

அக்கா யசோதினி


லுணுகலை
29.08.2004

அக்காவுக்கு,

முஹம்மது அண்ணனுக்குப் போன் எடுத்துச் சேதியை மட்டும்தான் சொன்னேன். மற்றதைப் போனில் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன்.

21ஆம் தேதி காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்பு அடித்த நேரம். தோட்ட லொறி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றலாம் என்று காத்திருந்தோம். மூன்று நாளாகக் கண் திறக்காதவள் திறந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறவள் மாதிரி இருந்தாள்.

தன் நெஞ்சைத் தொட்டாள். கை போனது. போன கையைத் திருப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் உங்கள் பெயரைச் சொன்னாள். பிறகு இரண்டு கையாலும் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொள்கிற மாதிரிச் செய்தாள்.

உங்களிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா. சந்தோசமாகப் போனாள். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் எழுதச் சொல்கிறார்கள், எழுதியிருக்கிறேன்.

நல்லபடியாக அடக்கம் செய்தோம்.

துஷாந்த்


குவைத்
12.09.2004

தம்பிக்கு, நீ சாப்பிடுகிறாயா, தனியாகப் படுக்கிறாயா? ஜாபிர் நானா வீட்டில் போய் இரு, அவர் கூப்பிட்டாராம், காமிலா அக்கா சொன்னாள். நான் 24ஆம் தேதி புறப்படுகிறேன். டிக்கட் எடுத்தாகிவிட்டது, வராமல் என்ன செய்ய.

சந்தோசமாகப் போனாள் என்று எழுதியிருந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை, என்னைத் திட்டிக்கொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை. என்னைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசையோடு போயிருக்கிறாள். அங்கே போய் என்னைத் தேடுவாளே தம்பி. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவாள். யாரிடம் கேட்பாள்?

அப்பா இருக்கிறார் என்று ஆறுதல் எழுதாதே. அப்பாவுக்கும் உன்னைப் போல சோறு, தண்ணி, மழைதான் தெரியும். அவள் இரண்டு கையையும் விரித்து எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். அவள் பாஷை முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் இங்கே இருக்கிறேன்.

அக்கா